ஒரு ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்கு: எல்லையோர நூலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாறசாலை, தனுவச்சபுரம், வெள்ளறடை, செங்கல், காரோடு, பொழியூர் வட்டாரத்து நூலகங்களின் நிர்வாகக் குழுவினருக்கும், மாலையில் அங்கே கூடும் மாணவர்களுக்கும், அறிவியல் ஆசிரியர்களுக்கும்,

உங்கள் நூலகத்தில் மழை படாத ஒரு மூலை, ஒரு மேசை, யாரும் அதிகம் தொடாத ஒரு கணினி, மேலே கொஞ்சம் மொட்டைமாடி, இவ்வளவும் இருக்கும். இவற்றை வைத்து ஒரு வேலையைத் தொடங்குங்கள் என்று கேட்கவே இந்த மடல். வானொலி நிலையங்களின் அதிர்வெண்ணை நாள்தோறும் அளந்து, நேரத்தோடு குறித்து வைப்பதுதான் அந்த வேலை. பாட்டையோ செய்தியையோ கேட்டு எழுதச் சொல்லவில்லை. ஒரு நிலையம் ஒலிபரப்பும் அதிர்வெண்ணிலிருந்து உங்கள் ஊருக்கு வந்து சேரும் அலை எவ்வளவு விலகியிருக்கிறது, மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே அந்த விலகல் எப்படி மாறுகிறது என்பதை, ஒரு ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்கு வரை நுணுக்கமாக அளக்கச் சொல்கிறேன். சில ஆயிரம் ரூபாய்க் கருவியால் இது முடியும். ஆனால் கருவியை வாங்கிவிட்டால் மட்டும் முடிந்துவிடாது. மடல் நீள்வதற்கு இந்தக் கடைசி வாக்கியம்தான் காரணம்.

ஏன் உங்கள் ஊர்களைக் கேட்கிறேன்? 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் இரு மாநிலத் தலைநகரங்களின் கணக்கிலும் இது ஓரத்து ஊர். இஞ்சிவிளையைத் தாண்டிக் களியக்காவிளைப் பக்கம் போனால் கைபேசிகூட வேறு வட்டத்துக்குத் தாவிவிடுகிறது. ஆனால் பூமியின் காந்தப்புலத்தை வைத்து வரைந்த படத்தில் இந்த வட்டாரம் ஓரத்தில் இல்லை. தொங்கவிட்ட காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைத்தால் வரும் கோட்டைக் காந்த நிலநடுக்கோடு என்கிறார்கள். ஆண்டுக்காண்டு சிறிது நகர்ந்துகொண்டிருந்தாலும், இந்தியாவில் அந்தக் கோடு தென்முனையை ஒட்டியே செல்கிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கு இதுவே முதல் காரணம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து கிளம்பிய நைக்கி-அப்பாச்சி ராக்கெட் சோடியம் ஆவியை வானில் தூவியது, இந்தக் கோட்டின் மேலுள்ள உயர் வளிமண்டலம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதற்காக. பகல் நேரத்தில் ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டம் உலகத்தின் மற்றப் பகுதிகளுக்குக் கிடைக்காத ஒன்று.

தும்பாவுக்கு நூறாண்டுக்கு முன்பே இந்த மண்ணில் இப்படிப்பட்ட பதிவுவேலை நடந்திருக்கிறது. சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், அகத்தியமலை உச்சியிலும் ஒரு நிலையத்தை அமைத்தார். மலையிலும் நகரத்திலும் ஒரே காலத்தில் காந்த ஊசியின் விலக்கம் குறிக்கப்பட்டது. அந்த எண்கள் 1874இல் பெரிய நூலாக வெளிவந்தன. காட்டில் மழையிலும் குளிரிலும் இருந்து ஊசியைப் பார்த்து எண்ணை எழுதிய உதவியாளர்கள் இல்லாவிட்டால் அந்த நூல் இல்லை. பிறகு 1980களில் திருவனந்தபுரத்தில் சிற்றலைத் துடிப்புகளை மேல்நோக்கி அனுப்பி, தெறித்துத் திரும்பும் அலையின் அதிர்வெண் விலகலிலிருந்து, உயர் வளிமண்டலத்தில் மின்னேற்றம் பெற்ற பகுதியான அயனி மண்டலம் ஏறி இறங்கும் வேகத்தைக் கணக்கிட்டார்கள். அந்த முடிவுகள் பன்னாட்டு ஆய்விதழ்களில் வந்தன. உங்களிடம் நான் கேட்பது இதே அளவீட்டின் எளிய வடிவம். அவர்கள் தாங்களே அலையை அனுப்பினார்கள். நீங்கள் அனுப்ப வேண்டியதில்லை, ஏற்கெனவே ஊர் ஊராக ஒலிபரப்பிக்கொண்டிருக்கும் நிலையங்களின் அலையே போதும்.

விலகல் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம். ஒலியைச் சுமந்துவர நிலையம் அனுப்பும் ஊர்தி அலையின் அதிர்வெண் மாறாதது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அலை அயனி மண்டலத்தில் தெறித்து நம்மிடம் வரும்போது, தெறிக்கும் அடுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தால் பாதை நொடிக்கு நொடி நீள்கிறது. அதனால் நமக்குக் கிடைக்கும் அதிர்வெண் சற்றுக் குறைகிறது. அடுக்கு இறங்கினால் சற்றுக் கூடுகிறது. டாப்ளர் விளைவு என்று பிளஸ் டூ பாடத்தில் படிப்பது இதைத்தான். காந்த நிலநடுக்கோட்டருகே சூரியன் மறைந்த சற்று நேரத்தில் அயனி மண்டலத்தின் மேலடுக்கான எஃப் அடுக்கு நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் விறுவிறுவென்று மேலேறி, பிறகு இறங்கத் தொடங்கும். நொடிக்கு 30 மீட்டர் என்று கொண்டால், செங்குத்தாகப் போய்த் திரும்பும் 10 மெகாஹெர்ட்ஸ் அலையில் 2 ஹெர்ட்ஸ் விலகல் வரும். ஒரு மெகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள மத்திய அலையில் 0.2 ஹெர்ட்ஸ்தான். பத்து லட்சத்தில் ஒன்றில், அதிலும் ஐந்தில் ஒரு பங்கு. காதுக்கு இது எட்டாது, பழைய டயல் வானொலிக்கும் எட்டாது. ஆனால் இந்த மாலை ஏற்றம் பெரிதாக இருக்கும் நாட்களில்தான் அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் உருவாகிச் செயற்கைக்கோள் குறிகைகளைத் தடுமாற வைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஜிபிஎஸ் பிழைக்கும் இந்த 0.2 ஹெர்ட்ஸுக்கும் அப்படியொரு தொடர்பு.

இவ்வளவு சிறிய விலகலை வீட்டிலேயே அளக்க வழி செய்தது மென்பொருள்வழி வானொலி, ஆர்வலர்கள் வாயில் எஸ்.டி.ஆர். தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்த ஒரு யூ.எஸ்.பி. டாங்கிளில் உள்ள ஆர்.டி.எல். 2832 என்ற சில்லு, தான் வாங்கும் அலையின் மாதிரிகளைப் பதப்படுத்தாமல் அப்படியே கணினிக்கு அனுப்பக்கூடியது என்பது 2012இல் பரவலாகத் தெரியவந்தது. நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் மாதிரிகள். மத்திய அலையை வாங்கும்படி டாங்கிளை அமைத்துவிட்டால், 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள அந்த அலை முழுவதும் ஒரே பதிவில் அடங்கிவிடும். அலைவரிசை தேர்வது, வடிகட்டுவது, அதிர்வெண் காண்பது எல்லாம் அதன்பிறகு கணக்குதான். இந்தக் கணக்கில் ஒரு விதியை மட்டும் எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும்: எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு நுணுக்கம். ஒரு நொடிப் பதிவில் ஒரு ஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள இரண்டு கோடுகளைப் பிரித்துக் காணலாம். பத்து நொடிப் பதிவில் 0.1 ஹெர்ட்ஸ், நூறு நொடியில் 0.01. காசு அதிகம் கொடுத்து வாங்கிய கருவிக்கும் இந்த விதியிலிருந்து விலக்கில்லை. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மலிவான கருவியும் ஈடுகொடுக்கும் என்பதற்கு இதுவே ஆதாரம்.

ஆனால் நுணுக்கம் வேறு, உண்மை வேறு. திரையில் 10,000,007.43 என்று எண் வந்தவுடன் கடைசி இலக்கம் வரை நம்பிவிடத் தோன்றும். டாங்கிளுக்குள் 28.8 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. கருவி சொல்லும் எல்லா எண்ணும் அந்தப் படிகத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. முத்திரை குத்தாத எடைக்கல்லை வைத்துக்கொண்டு தராசு மட்டும் கிராம் சுத்தமாக நிற்கிறது என்று சொல்லும் கடைக்காரரின் நிலைதான் அது. மிக மலிவான டாங்கிள்களில் படிகம் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிசகியிருப்பது சாதாரணம். 10 மெகாஹெர்ட்ஸில் அது 500 ஹெர்ட்ஸ். வெப்ப ஈடு செய்த படிகம் உள்ளவற்றில் பிசகு பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறையும். அதுவும் 10 ஹெர்ட்ஸ், நாம் தேடும் 2 ஹெர்ட்ஸைப்போல ஐந்து மடங்கு. மொட்டைமாடிக்குக் கீழே மதியம் கொதிக்கும் அறையில் படிகம் ஒரு நிலையில் இருக்காது; மாலையில் மழை பெய்து குளிர்ந்தால் இன்னொரு நிலைக்குப் போகும். சூரியன் மறையும் நேரத்தில்தான் அறையும் குளிர்கிறது. படிகம் குளிர்வதால் வந்த சரிவை அயனி மண்டலத்தின் ஏற்றம் என்று எழுதிவிடும் ஆபத்து இங்கே முழுதாக இருக்கிறது. மலிவுக் கருவியில் உண்மையான அளவீடு வராது என்று சொல்லும் பொறியாளர்கள் இதைக் காட்டித்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி.

மீதிப் பாதிக்குப் பதில் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் அணுக் கடிகாரத்தோடு பூட்டிய ஒரு அலையாக்கியை வைத்துக் கருவியை இயக்கினால் பிசகு நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இதற்கு டாங்கிளைப்போலச் சில மடங்கு செலவாகும். ஆகவே ஒவ்வொரு நூலகத்துக்கும் வேண்டாம். நெய்யாற்றின்கரை அரசு பாலிடெக்னிக்கிலோ தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யிலோ ஒன்று இருந்து, மற்றக் கருவிகளை அவ்வப்போது அதனுடன் சரிபார்த்தால் போதும். அதுவும் இல்லையென்றால் 2ஜி கைபேசிக் கோபுரம் இருக்கிறது. அதன் அடிநிலைய அதிர்வெண் பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் பிசகக் கூடாது என்பது தரவிதி. அந்தத் துல்லியம் மத்திய அலைக்கு இறங்கி வரும்போது 0.05 ஹெர்ட்ஸ் ஆகிறது. நமக்குத் தேவையான அளவுக்குள். இன்னும் எளிய வழி, செலவே இல்லாத வழி, ஒப்பீடு. ஒரே பதிவில் இரண்டு நிலையங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் திருவனந்தபுரத்தின் 1161 கிலோஹெர்ட்ஸ் அலை உங்களிடம் தரை வழியாகவே வருகிறது. அதில் அயனி மண்டலத்தின் கை பெரும்பாலும் படாது. படிகம் பிசகினால் 1161உம் பிசகும், மலைக்கு அப்பாலிருந்து வரும் திருநெல்வேலியின் 1197உம் அதே விகிதத்தில் பிசகும். இரண்டின் விகிதப் பிசகையும் எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் படிகம் கணக்கிலிருந்து விழுந்துவிடும், எஞ்சுவது பாதையின் மாற்றம். நிலையத்தின் சொந்தப் பிசகு என்ன ஆகும் என்று கேட்கலாம். பன்னாட்டு விதி மத்திய அலை ஒலிபரப்புக்குப் பத்து ஹெர்ட்ஸ் வரை இடம் தருகிறது. ஆனால் ஒலிபரப்பியின் பிசகு மணிக்கணக்கில் மெல்ல நகரும். நாம் தேடும் மாற்றம் நிமிடக்கணக்கில் வரும். பல நாள் பதிவை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

ஒரு மாலையில் திரையில் எதைத் தேட வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இலங்கையின் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட் வலுவோடு ஒரு கிறித்தவ ஒலிபரப்பு நிலையம் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் ஒலிபரப்புகிறது. இந்தப் பக்கத்தில் பலருக்குப் பழக்கமான குரல். பாறசாலைக்கும் அதற்கும் நேர்க்கோட்டுத் தொலைவு முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாதையின் பெரும்பகுதி கடல்; உப்புநீர் தரையலையை நன்றாகக் கடத்தும். எனவே வெளிச்சம் இருக்கும்போது, அதிர்வெண் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தில் 882க்கு அருகே மெல்லிய, நேரான ஒரு கோடு கிடைக்க வேண்டும். இருட்டத் தொடங்கியதும் அலையை விழுங்கிக்கொண்டிருந்த கீழடுக்கு கரைகிறது, வானலை வந்து சேர்கிறது. எஃப் அடுக்கு நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தால், சாய்வாகப் போய்த் தெறிக்கும் அந்தப் பாதைக்கு விலகல் ஏறத்தாழ 0.15 ஹெர்ட்ஸ். அதாவது நேர்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே, மங்கலாக, ஓரம் பிசிறிய இன்னொரு கோடு. இருபது முப்பது நொடிப் பதிவை ஒன்றாகக் கணக்கிட்டால் இரண்டும் தெளிவாகப் பிரியும். ஐந்து நொடி வைத்தால் ஒரே தடித்த கோடாகத் தெரியும். இந்த அமைப்பில் அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே நிலையத்திலிருந்தே வருகின்றன என்பதைக் கவனியுங்கள். தரையலையும் வானலையும் ஒரே ஒலிபரப்பியிலிருந்து கிளம்பியவை, ஒரே டாங்கிள் வாங்கியவை. நிலையத்தின் பிசகும் படிகத்தின் பிசகும் இரண்டுக்கும் பொது. இடைவெளி மட்டும் அயனி மண்டலத்துடையது. இவ்வளவு சுத்தமான சோதனையை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஏற்பாடு செய்ய மெனக்கெட வேண்டியிருக்கும்; உங்களுக்கு ஊரின் இருப்பிடமே அதைத் தந்திருக்கிறது.

விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் பக்கத்தில் இருக்கிறது. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. இவர்கள் செய்யாததை நூலகத்துப் பிள்ளைகள் செய்துவிடப் போகிறார்களா? கேட்க வேண்டிய கேள்வி. அவர்களுடைய கருவிகளோடு போட்டி போட முடியாது, போட வேண்டியதும் இல்லை. ஆனால் மேல்நோக்கிப் பார்க்கும் கருவி தன் தலைக்கு மேலே உள்ளதைத்தான் பார்க்கும். புத்தளத்து அலை தெறிக்கும் இடம் பாதையின் நடுப்புள்ளி, அதாவது மன்னார் வளைகுடாவின் மேலுள்ள வானம். கடலில் கருவி வைக்க யாராலும் எளிதில் முடியாது. பொழியூரில் ஒன்று, வெள்ளறடையில் ஒன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில் ஒன்று என்று வைத்தால் நடுப்புள்ளிகளும் தள்ளித் தள்ளி விழும். அலைபோல் நகரும் மாற்றம் எதுவானாலும் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லலாம். அமெரிக்காவில் உரிமம் பெற்ற ஆர்வலர்களான ஹாம் வானொலிக்காரர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்த ஹாம்சை என்ற அமைப்பு இதைத்தான் செய்தது. டபிள்யூ.டபிள்யூ.வி. என்ற நேரக்குறிகை நிலையத்தின் நூற்றாண்டையொட்டி 2019 அக்டோபர் 1 அன்று அதன் அதிர்வெண்ணை ஆர்வலர்களைக் கொண்டு பல இடங்களில் அளக்க வைத்தார்கள். 2023, 2024 ஆண்டுகளின் சூரிய கிரகணங்களின்போதும் ஆர்வலர் நிலையங்கள் ஊர்தி அலைகளைப் பின்தொடர்ந்தன. அவர்களுடைய ஊர்கள் காந்த நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம்.

மத்திய அலையே மூடப்படுகிறதே, இனி எதை அளப்பது என்பது அடுத்த தயக்கம். பிரசார் பாரதி மத்திய அலை, சிற்றலை ஒலிபரப்பிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வருவது உண்மை. எண்ம வானொலி, பண்பலை, செயலி என்று காலம் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்க இந்த மடலால் ஆகாது. ஆனால் இது தள்ளிப்போடக் காரணம் ஆகாது, முந்திக்கொள்ளத்தான் காரணம். இருக்கும் அலைகள் இருக்கும்போதே சில ஆண்டுத் தொடர்பதிவு கிடைத்தால், பின்னால் எவ்வளவு பணம் கொட்டினாலும் கிடைக்காத பொருளாக அது இருக்கும். மத்திய அலை முற்றாக ஓய்ந்தாலும் சீனாவின் பி.பி.எம். நிலையம் 5, 10 மெகாஹெர்ட்ஸ்களில் அணுக் கடிகாரத் துல்லியத்தோடு நேரக்குறிகை அனுப்புகிறது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையானதால் அதன் பொருளைப் பிரித்தறிவது கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரைச்சலைப் பற்றிப் பலர் அலுத்துக்கொள்வார்கள். எல்.ஈ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர், மின்கம்பி எல்லாம் மத்திய அலையில் இரைகின்றன; காதால் கேட்க உட்கார்ந்தால் தலைவலிதான் மிஞ்சும். ஆனால் காது பத்து கிலோஹெர்ட்ஸ் அகலத்து இரைச்சலை மொத்தமாக வாங்குகிறது. நம் கணக்கு 0.1 ஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் பார்க்கிறது. லட்சத்தில் ஒரு பங்கு இரைச்சல்தான் உள்ளே வரும். பேச்சு புரியாத நிலையத்தின் ஊர்தி அலையைக்கூடத் தெளிவாக அளக்கலாம்.

சட்டமும் சந்தேகமும்தான் எனக்கு உண்மையில் கனமாகத் தெரிகிற தடைகள். 1885, 1933 ஆண்டுகளின் பழைய சட்டங்களுக்கு மாற்றாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. எந்தக் கருவியை யார் வைத்துக்கொள்ளலாம் என்பதை உரிமம் வழங்கும் துறையிடமே எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உங்களில் ஒருவராவது ஹாம் தேர்வு எழுதிவிடுங்கள். பன்னிரண்டு வயது நிரம்பினால் எழுதலாம், கட்டுப்பாட்டு நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. பொதுமக்களுக்கான ஒலிபரப்பு, நேரக்குறிகை, ஹாம் அலைவரிசை, இம்மூன்றையும் தாண்டாதீர்கள். கைபேசிக் கோபுரத்தின் அதிர்வெண்ணோடு கருவியைச் சரிபார்ப்பதற்கும் எழுத்தில் ஒப்புதல் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். காவல்துறை, கடலோரக் காவற்படை, விமானநிலையம், கடற்படை ஆகியவற்றின் அலைகள் நம் வேலையில்லை. ஒரு பக்கம் விண்வெளி மையம், ஒரு பக்கம் விழிஞ்ஞம் துறைமுகம், நடுவே மாநில எல்லை. மாடியில் கம்பி கட்டினால் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். கேட்பதற்கு முன் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. கருவி எதையும் அனுப்புவதில்லை, ஒலியைச் சேமிப்பதில்லை, அதிர்வெண் எண்ணை மட்டும் எழுதுகிறது என்பதை அதில் தெளிவாகச் சொல்லுங்கள். சொன்னபடியே நடந்தும் கொள்ளுங்கள்.

பொழியூர்க்காரர் ஒருவர் எழுந்து, கடலுக்குப் போனவன் திரும்பி வராத ஊரில் அயனி மண்டலத்தை அளந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது பொழியூர், பூவாறு, விழிஞ்ஞம், பூந்துறைக்காரர்களும், நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர்க்காரர்களும் ஒரே கடலில் சிக்கினார்கள். கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டர் தாண்டினால் வி.எச்.எஃப். கருவி எட்டாது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நீங்கள் எழுதும் குறிப்பேடு ஒரு படகையும் காப்பாற்றாது, அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் காப்பாற்றும் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதற்குள் இதே அளவீடு இருக்கிறது. 406 மெகாஹெர்ட்ஸில் அபாயக் கருவி அனுப்பும் குறிகையை வாங்கியபடி தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகும்போது, வாங்கும் அதிர்வெண் ஒன்பது கிலோஹெர்ட்ஸ் கூடியதிலிருந்து ஒன்பது கிலோஹெர்ட்ஸ் குறைந்ததற்குச் சரிகிறது. அந்தச் சரிவின் வடிவத்திலிருந்து படகு இருக்கும் இடத்தைக் கணக்கிடும் முறையோடு தொடங்கியது கோஸ்பாஸ்-சர்சாட் என்ற பன்னாட்டு மீட்பு அமைப்பு; அதன் இந்தியக் கட்டுப்பாட்டு மையம் பெங்களூருவில் உள்ளது. இந்தக் கணக்கின் தொடக்கம் 1957 அக்டோபர். ஸ்புட்னிக்கின் 20 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அமெரிக்காவில் பதிவு செய்த குவியர், வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் இயற்பியலாளர்கள், அதிர்வெண் சரிவை மட்டும் வைத்து அதன் பாதையைக் கணக்கிட்டார்கள். அதிலிருந்து டிரான்சிட் என்ற முதல் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு பிறந்தது.

அபாய அலைவரிசையைப் பயிற்சிக்காகக்கூடத் தொடக் கூடாது. அதற்குப் பதிலாகப் பன்னாட்டு விண்வெளி நிலையம் ஹாம் அலைவரிசையில் 145.8 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் நாட்களில், தலைக்கு மேல் அது கடக்கும் பத்து நிமிடத்தை அளந்து பாருங்கள். ஏறத்தாழ மூன்றரைக் கிலோஹெர்ட்ஸ் மேலிருந்து மூன்றரைக் கிலோஹெர்ட்ஸ் கீழே இறங்கும் அந்த வளைவை ஒரு பிளஸ் டூ மாணவி தன் கையால் வரைந்து, அதிலிருந்து நிலையத்தின் வேகத்தைக் கணக்கிட்டுவிட்டால், தன் அண்ணன் படகில் பொருத்திய அபாயக் கருவி எதற்கு, எப்படி வேலை செய்கிறது, எப்போது தவறும் என்று அவளால் வீட்டில் விளக்க முடியும். கருவியை வாங்கித் தரும் திட்டங்கள் இருக்கின்றன. கருவியைப் புரிந்து நம்புவதற்கான திட்டம்தான் இல்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு சந்தேகம் எனக்கே உண்டு. முதல் மாதம் உற்சாகம் இருக்கும், மூன்றாம் மாதம் மேசையில் தூசி படியும் என்பது நம் சங்கங்களின் வரலாறு. எதிர்ச்சான்றும் இருக்கிறது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலமெங்கும் நடந்து கேரளப் பறவை வரைபடத்தை உருவாக்கினார்கள். கோட்டயத்தில் மீனச்சில் ஆற்றோரத்து மக்கள் தாங்களே மழைமானி வைத்து அளவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேலையின் வடிவம்: ஒரே படிவம், ஒரே நேரம், தவறிய நாளைத் தவறியது என்றே எழுதும் ஒழுக்கம். பதிவு தானாக ஓடும். ஆனால் அன்றைய சரிபார்ப்பு எண், அறை வெப்பம், மின்தடை நேரம், யார் பார்த்தார் என்பதை மனிதர் எழுத வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள், எண்கள் இரண்டுக்கும் பொது. நேரத்தை இந்திய நேரத்திலேயே நொடி வரை குறியுங்கள். கருவியை அளவீட்டுக்கு அரை மணி முன்பே இயக்கி விடுங்கள். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) காலத்தில் மாலை இடி முழங்கும்போது பதிவைவிட உயிர் பெரிது. மானம் கறுத்ததும் ஏரியல் கம்பியைக் கழற்றி வெளியே விட்டுவிடுங்கள், அன்றைய கட்டத்தில் "இடி" என்று எழுதினால் போதும்.

நெய்யாற்றின்கரை தாலுக்கா நூலக கவுன்சிலின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்து, முதலில் மூன்று நூலகங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். கடலோரம் ஒன்று, ரயில்பாதையோரம் ஒன்று, மலையடிவாரம் ஒன்று. சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் உள்ளூர் கிளையையும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களையும் அழையுங்கள். 2031 மே 21 அன்று கங்கண சூரிய கிரகணத்தின் பாதை கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடக்கிறது. உங்கள் ஊர்களில் சூரியனின் பெரும்பகுதி மறையும். 2010 ஜனவரி 15 கிரகணத்தின்போது தும்பாவிலிருந்து ராக்கெட்டுகள் ஏவி அளந்தார்கள். கிரகண நாளில் அதிர்வெண் விலகினால் அது கிரகணத்தால்தான் என்று சொல்ல, மற்ற ஆண்டுகளின் மே மாதப் பகல்கள் எப்படி இருந்தன என்ற பதிவு கையில் இருக்க வேண்டும். அந்தப் பதிவை அன்று காலையில் உட்கார்ந்து எடுக்க முடியாது.